மலைப் படம் மங்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை, மேகமலை, கொளுக்குமலை என்று எங்கே போய்ப் படம் எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்றுதான்: நேரில் பார்த்த மலை படத்தில் இல்லை. ஒன்று வெளுத்திருக்கும், இல்லையென்றால் கறுத்திருக்கும், இல்லையென்றால் குழைந்திருக்கும். உடனே ஃபில்டர் வாங்க ஓடுகிறோம், அல்லது கணினியில் போட்டு இழுக்கிறோம். காரணமோ பெரும்பாலும் லென்ஸின் முன்கண்ணாடியிலோ, நின்ற திசையிலோ, எடுத்த மணியிலோ இருக்கிறது. இந்த மூன்றையும் சரிசெய்யக் காசு வேண்டாம். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் கூடியவரை செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்குங்கள். பத்தடிக்குள் இருக்கும் ஏதாவது ஒன்றை, ஓர் இலையையோ தடுப்புக் கம்பியையோ பாருங்கள்.

- அதுவும் வெளுத்திருந்தால் குறை கேமராவில்: அறிகுறி 1.
- அது பளிச்சென்று இருந்து தூரத்து மலை மட்டும் கரைந்திருந்தால் குறை காற்றில்: அறிகுறி 2.
- மலை கரி, வானம் வெள்ளைத்தாள்: அறிகுறி 3.
- மேகத்துக்குள் எடுத்தது அழுக்குச் சாம்பலாக இருந்தால்: அறிகுறி 4.
- வெளிச்சம் சரி, மலை விளிம்பு மட்டும் கூர்மையில்லை: அறிகுறி 5.
- நிறம் மட்டும் தப்பு: அறிகுறி 6.
- வானத்தில் புள்ளி, பட்டை, விளிம்பில் வெள்ளைக் கோடு: அறிகுறி 7.

அறிகுறி 1: பக்கத்து இலை உட்படப் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளுப்பு

நீங்களே மேகத்துக்குள் நின்றால் ஒழிய, பத்தடித் தூரத்தை எந்த மூட்டமும் மறைக்காது. எனவே வானத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

*விரல் எண்ணெய்.* போனில் எடுப்பவர்களுக்கு இதுதான் முதல் காரணம். லென்ஸில் படிந்த கைரேகை வெளிச்சத்தைச் சிதறடித்துப் படம் முழுக்கப் பூசிவிடும். சூரியன் இருக்கும் பக்கமாகக் கோடு கோடாக ஒளி நீண்டால் சந்தேகமே வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியால், வாயால் ஊதிய ஈரத்தோடு துடைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி எடுங்கள். கேமரா லென்ஸ் என்றால் முதலில் ப்ளோயரால் ஊதித் தூசியைப் போக்குங்கள், பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி. தூசியோடு துடைத்தால் கண்ணாடியின் பூச்சில் கீறல் விழும்.

*முன்னால் மாட்டிய யூவி ஃபில்டர்.* கழற்றிவிட்டு ஒரு படம், மாட்டி ஒரு படம். வித்தியாசம் தெரிந்தால் அதைப் பைக்குள் போடுங்கள். யூவி ஃபில்டர் மூட்டத்தை வெட்டும் என்று கடையில் சொல்வது ஃபிலிம் காலத்துக் கணக்கு. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. மலையில் அந்த ஃபில்டர் செய்வது பாதுகாப்பு வேலை மட்டும்.

*பக்கவாட்டு வெயில்.* சூரியன் படத்துக்குள் இல்லாவிட்டாலும் அதன் கதிர் முன்கண்ணாடியில் விழுந்தால் படம் வெளுக்கும். லைவ் வியூவை (கேமராத் திரையில் நேரடியாக ஓடும் காட்சியை) பார்த்துக்கொண்டே, லென்ஸ் மேல் நிழல் விழும்படி கையை நீட்டுங்கள். கறுப்பு சட்டென்று ஆழமானால் காரணம் இதுவே. ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டுங்கள், காலை வெயிலில் ஹூட் போதாது, தொப்பியோ குடையோ பிடியுங்கள். வைட் லென்ஸில் தொப்பியின் விளிம்பு படத்துக்குள் வந்துவிடும், மூலைகளைச் சரிபாருங்கள்.

*பனித்துளி.* டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கேமராவை டிரைபாடில் வைத்துக் காத்திருக்கும்போது முன்கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்து ஈரம் படியும். நடுவில் வெளுப்பு, ஓரத்தில் தெளிவு என்பது இதன் அடையாளம். துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி வரும். படம் எடுக்காத நேரத்தில் மூடியைப் போட்டு வையுங்கள், ஹூடைக் கழற்றாதீர்கள். விடிய விடிய நிற்பதாக இருந்தால் பவர் பேங்கில் ஓடும் சூடாக்கும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டுவதே நிரந்தர வழி.

*குளிரூட்டிய வண்டி.* ஏசியில் ஊறிய கேமராவை மேட்டுப்பாளையத்திலோ போடியிலோ வெளியே எடுத்தால் உடனே வியர்க்கும். மலையிலிருந்து குளிர்ந்த கேமராவோடு சமவெளிக்கு இறங்கும்போதும் இதே கதைதான். காற்றுப் புகாத ஜிப் உறைக்குள் போட்டு மூடி, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். வியர்த்திருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சார் வரை போகும்.

*உள்ளே ஃபங்கஸ்.* மேலே சொன்ன எதற்கும் மாறாத வெளுப்பு என்றால் லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலைந்து தூசித் துகள் தெரிந்தால் கவலை இல்லை, படத்தில் வராது. சிலந்தி வலை போல இழை ஓடினாலோ, புகை படிந்த மாதிரி மெல்லிய படலம் தெரிந்தாலோ சர்வீஸ் ஆள்தான். நீங்களே திறக்காதீர்கள், உள் கண்ணாடிகளை ஒரே மையத்தில் திரும்ப நிறுத்தக் கருவி வேண்டும். தள்ளிப் போடவும் வேண்டாம், ஃபங்கஸ் நாளாக ஆகப் பூச்சையே அரித்துவிடும், அதன்பின் துடைத்தாலும் தழும்பு போகாது. அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மழைக்கால மலைப் பயணத்துக்குப் பின் லென்ஸைத் துணிப்பைக்குள்ளேயே விட்டுவிடுவதுதான் இது வர முக்கியக் காரணம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மீட்டர் மூன்றும் சேர்ந்தாலும் ஒரு சர்வீஸ் செலவுக்குள் அடங்கும். மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் காட்டினால் போதும்.

அறிகுறி 2: முன்னால் தெளிவு, தூரத்து மலை மட்டும் கரைந்துபோகிறது

இதுதான் பெரிய பிரச்சினை, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இங்கே உங்கள் கேமராவில் கோளாறு இல்லை. காற்றில் என்ன இருக்கிறது, அதில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

*முதல் பார்வை: எவ்வளவு தூரம் தெரிகிறது?* போன் மேப்பில் உங்கள் இடத்திலிருந்து 5, 10, 20 கிலோமீட்டரில் இருக்கும் மூன்று மலைமுகடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 மறைந்து 10 தெரிந்தால் கீழே சொல்லும் வழிகள் பலன் தரும். 10 மறைந்து 5 மங்கலாகத் தெரிந்தால் வானத்தைச் சுருக்கிப் பக்கத்து மலையை எடுங்கள். 5 கிலோமீட்டரே கரைந்திருந்தால் அன்று தூரக் காட்சி கிடையாது. எந்த ஃபில்டரும் எந்த மென்பொருளும் அதைத் திரும்பக் கொண்டுவராது. சோலைக்குள் போங்கள், தேயிலைச் சரிவை எடுங்கள், மரங்களை எடுங்கள். மூட்டம் அங்கே உதவிதான் செய்யும்.

*இரண்டாவது: மூட்டத்தின் நிறம்.* வெள்ளையாக இருந்தால் ஈரம். வெயில் ஏற ஏறக் கலையலாம், காத்திருக்கலாம். அடிவானத்தில் பழுப்புப் பட்டை தெரிந்தால் சமவெளித் தூசி. மழை பெய்தால்தான் போகும், காத்திருப்பது வீண். நீலச் சாம்பல் நிறத்தோடு புகை வாசமும் இருந்தால் எங்கோ காடு எரிகிறது. மார்ச் முதல் மே வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் இது சாதாரணம். அந்த மாதங்களில் நல்ல காட்சி தேடிப் பாதை விட்டு உள்ளே போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டார்கள். வனத்துறை அடைத்த பாதை அடைத்த பாதைதான்.

*மூன்றாவது: மணி.* குளிர்காலத்தில் இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேகம் கீழே படுத்துக்கிடக்கும். மேல்காற்று துப்புரவாக இருக்கும். கொளுக்குமலையில் மேகக்கடல் தெரிவது இதனால்தான். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, கீழே கிடந்த ஈரமும் தூசியும் சரிவோடு மேலேறிக் காட்சிமுனையையே மூடும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் மதியத்துக்கு மேல் பல நாள் வெள்ளைச் சுவர் மட்டுமே தெரிவதற்கும் இதே காரணம். விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் நில்லுங்கள். ஆங்கிலக் கையேடுகள் பொன்னொளி ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று எழுதுவது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. தாழ்ந்த மஞ்சள் வெயில் 25 நிமிடம்தான். அதற்குள் டிரைபாட் விரிப்பது, லென்ஸ் மாற்றுவது எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

*நான்காவது: பருவம்.* மழை விட்ட மறுநாள் காலைதான் ஆண்டின் தெளிவான காற்று. அவலாஞ்சி, கூடலூர் போன்ற நீலகிரியின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் போன்ற கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழையே பெரிது. எந்தச் சரிவில் எப்போது மழை விடுகிறது என்று பார்த்துத் தேதி வையுங்கள். முந்தின மாலை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்.

*ஐந்தாவது: திசை.* சூரியனுக்கு எதிரே பார்த்தால் மூட்டம் மிகப் பிரகாசமாகத் தெரியும். சூரியனை முதுகில் வைத்துப் பார்த்தால் அதே மூட்டம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். மலையின் பாறையும் மரமும் தெரிய வேண்டுமென்றால் காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே பாருங்கள். இதே இடத்துக்குப் போன முறை நன்றாக வந்தது, இம்முறை வரவில்லை என்றால் சூரியன் உதிக்கும் புள்ளியையும் பாருங்கள்: ஜூனில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே உதிக்கிறது. ஒரு பருவத்தில் பக்கவாட்டில் விழுந்த வெயில் அடுத்த பருவத்தில் முகத்துக்கு நேரே வரும்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். சூரியன் இருக்கும் பக்கம் 70 முதல் 200 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் மலைமுகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப்போக வெளுத்துக்கொண்டே அடுக்கடுக்காக நிற்கும். மூட்டம் இல்லாத நாளில் இந்தப் படம் கிடைக்காது. முன்னால் கறுப்பாக ஒரு மரமோ பாறையோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடுக்குகளுக்குப் பிடிமானம் இல்லை.

*ஆறாவது: போலரைசர்.* இந்த அறிகுறியில் இங்கேதான் முதல் முறையாகப் பணம் வருகிறது. லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றும் ஃபில்டர் இது. மெல்லிய மூட்டத்தை கண்ணுக்குத் தெரியும்படி வெட்டும். கெட்டி வெள்ளை மூட்டத்திலும் மேகத்திலும் ஒன்றும் செய்யாது. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் முழு வேலை. ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டிக் கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக வைத்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள்; கட்டைவிரல் காட்டும் பக்கமெல்லாம் நல்ல பக்கம். விடியலில் அது வடக்கும் தெற்கும். கோக்கர்ஸ் வாக்கிலிருந்து தெற்கே பெரியகுளம் பக்கச் சமவெளியைப் பார்க்கக் காலைப் போலரைசர் பொருந்துவது இதனால். நண்பகல் ஒளியை எல்லோரும் ஒதுக்குவார்கள். ஆனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் கொடைக்கானலில் உச்சிச் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கும், அப்போது போலரைசர் சுற்றிலும் அடிவானம் முழுக்க வேலை செய்யும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சம் குறையும் என்பதை ஷட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ.க்குக் குறைந்த வைட் லென்ஸில் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு வரும், பனோரமாவிலும் அப்படியே. அங்கெல்லாம் கழற்றிவிடுங்கள்.

*ஏழாவது: கணினி.* ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுத்திருக்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருள்களில், லைட்ரூமில் டீஹேஸ், டார்க்டேபிளிலும் ராதெரபியிலும் மூட்டம் நீக்கும் தனிப் பகுதி உண்டு. முதலில் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), பிறகு கறுப்புப் புள்ளி, அதன் பிறகே டீஹேஸ். படம் முழுக்கப் போடாமல் மாஸ்க் வரைந்து தூரத்து மலைக்கு மட்டும் போடுங்கள். 15இல் தொடங்கி 35க்குள் நிறுத்துங்கள். நிறம் தானாக ஏறும், சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள். வண்ணத்தில் மீளாத படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிச் சிவப்புச் சேனலை ஏற்றிப் பாருங்கள். மூட்டம் நீலத்தில்தான் அதிகம் தங்கும், சிவப்பில் மலையின் மடிப்புகள் எஞ்சியிருக்கும்.

*கடைசி: அகச்சிவப்பு.* 720 நானோமீட்டர் ஃபில்டர் மெல்லிய மூட்டத்தை வியக்கும்படி ஊடுருவும், மேகத்தை ஊடுருவாது. சாதாரணக் கேமராவில் பல நொடி எக்ஸ்போஷர் கேட்கும், டிரைபாட் கட்டாயம். கேமராவையே அகச்சிவப்புக்கு மாற்றுவது தொழில்நுட்பர் வேலை. வாரண்டி போகும், அந்தக் கேமரா வழக்கமான வண்ணப் படத்துக்கு உதவாது. பழைய கேமரா சும்மா கிடந்தால் மட்டும் யோசியுங்கள்.

அறிகுறி 3: மலை கரிக்கட்டை, வானம் வெள்ளைத்தாள்

எது தொலைந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்தால் தொலைந்த வெள்ளை சிமிட்டும். சூரியத் தட்டு மட்டும் சிமிட்டினால் விட்டுவிடுங்கள், அது தொலையத்தான் செய்யும். சுற்றியுள்ள மேகமும் சிமிட்டினால்தான் குறை.

போனில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) −1, போதாவிட்டால் −2. ரா ஃபைலில் இருட்டைப் பின்னால் ஏற்றலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100இலோ 200இலோ இருந்தால்தான் ஏற்றிய இருட்டில் மணல் தூவியது போல் வராது.

அதிலும் அடங்காவிட்டால் பிராக்கெட்டிங்: இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம், டிரைபாடில். காற்றில் புல்லோ தேயிலைக் கொழுந்தோ ஆடினால் மூன்றையும் இணைக்கும்போது பேய் உருவம் வரும். அப்போது தரைக்கு ஒரே படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் கடல் அடிவானத்துக்கு ஏற்றது. மலையில் முகடு ஏறி இறங்குவதால் உச்சி மட்டும் மேலும் கறுக்கும். வாங்கியே தீருவது என்றால் விளிம்பு மென்மையான வகையில் இரண்டு ஸ்டாப், அதாவது 0.6 போதும்.

செலவே இல்லாத வழி சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு 20 நிமிடம் முன் எடுத்து முடிப்பது. அப்போது வானத்துக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சென்சார் தாங்கும். சூரியன் வந்த பிறகு எல்லோரும் கிழக்கையே பார்த்து நிற்கும்போது திரும்பி மேற்கே பாருங்கள். வெயில் விழுந்த எதிர்மலை அங்கே இருக்கிறது.

அறிகுறி 4: மேகத்துக்குள் எடுத்தது அழுக்குச் சாம்பல், ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது

இரண்டும் ஒரே இடத்தில் வரும் இரண்டு தனிக் குறைகள். கேமராவின் ஒளி மீட்டர் வெள்ளை எதையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 வைத்து எடுங்கள், ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) மேடு நடுவிலிருந்து வலப்பக்கம் நகரும்வரை +1.3 வரை போகலாம், வலச்சுவரைத் தொடக்கூடாது.

ஃபோகஸ் ஓடுவது பிடித்துக்கொள்ள விளிம்பு இல்லாததால். மையப் புள்ளியை மட்டும் வைத்து, மரத்தண்டோ கம்பியோ, கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் மேனுவலுக்கு மாற்றி லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கிப் பிடியுங்கள். தெளிவான நாளிலும் ஃபோகஸ் ஓடினால், வேறு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் முதல் லென்ஸின் மோட்டாரையோ தொடர்புப் புள்ளிகளையோ சர்வீஸில் காட்ட வேண்டும்.

அறிகுறி 5: மலைமுகட்டின் விளிம்பு கூர்மையில்லை

காரணம் ஐந்து, ஒவ்வொன்றும் வேறு தடயம் விடும்.

எல்லாம் ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் கை அசைவு. 200 மி.மீ.க்கு 1/200 நொடி, சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 1/300ஐவிட மெதுவாகாமல். டிரைபாடில் வைத்தும் இழுத்தால் நடுக்கம்பியை இறக்குங்கள், காற்றில் படபடக்கும் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், 2 நொடி டைமர் போடுங்கள். நடுவில் பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி தரையைத் தொடட்டும், ஆடினால் இன்னும் மோசம். காட்சிமுனைத் தடுப்புக் கம்பி மேல் கேமராவை வைக்காதீர்கள். பத்தடி தள்ளி ஒருவர் சாய்ந்தாலே கம்பி முழுக்க அதிரும்.

முன்னால் உள்ள கல் கூர்மை, மலை குழைவு என்றால் ஃபோகஸ் தவறிய இடம். லென்ஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பினால் முடிவிலி என்று நினைக்க வேண்டாம், பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். தூரத்து முகட்டை லைவ் வியூவில் பெரிதாக்கிப் பிடித்து, ஆட்டோஃபோகஸை அணைத்து, வளையத்தில் சிறு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

முன்னும் பின்னும் எல்லாமே சமமாக மென்மை என்றால் அப்பர்ச்சரைப் பாருங்கள். எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று எஃப் 22 (மிகச் சிறிய துளை) வைத்தால் நடப்பது நேர்மாறு. எஃப் 8 முதல் 11 வரை போதும்.

முகடு மட்டும் நெளிநெளியாக, படத்துக்குப் படம் வேறு வடிவத்தில் இருந்தால் கானல். நீண்ட லென்ஸில் காலை பத்து மணிக்கு மேல் இதுதான் அதிகம் ஏமாற்றும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. லைவ் வியூவைப் பெரிதாக்கி ஒரு நிமிடம் பாருங்கள். கொதிக்கும் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் முகடு ஆடும். ஸ்டெபிலைசரும் டிரைபாடும் இதைத் தொடாது. வெயில் சுட்ட பாறை, தகரக் கூரை, வண்டியின் பானட் இவற்றின் மேலாகப் பார்க்காதபடி இடம் மாறுங்கள். விடுதி அறையின் ஜன்னல் வழியே எடுத்தால் உள்சூடும் வெளிக்குளிரும் கலந்து இதே ஆட்டம் வரும், வெளியே வாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் 20, 30 படம் தொடர்ந்து எடுத்துக் கணினியில் மீடியன் (நடு மதிப்பை எடுக்கும்) முறையில் அடுக்குங்கள். சூரியன் ஏறுமுன் எடுத்தால் இத்தனை பாடு இல்லை.

ஐந்தாவது, ஒரே மூலை எப்போதும் குழைகிறது. செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக, எஃப் 4க்கும் 5.6க்கும் இடையில், டிரைபாடில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். சுவரிலும் அதே மூலை குழைந்தால் உள்கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸில் இது சகஜம். சர்வீஸ் தவிர வழியில்லை.

அறிகுறி 6: மலை அளவுக்கு மீறி நீலம், அல்லது விடியலின் சிவப்பு காணோம்

இரண்டுக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான் காரணம். விடியலின் நிறத்தைக் குறை என்று நினைத்து அது திருத்திவிடுகிறது. 5200 முதல் 5500 கெல்வின் வரை நிலையாக வையுங்கள். நிழல் சரிவு நீலமாகவே இருந்தால் 6500 வரை ஏற்றுங்கள். தூரத்து மலையின் நீலத்தை முழுக்க எடுத்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் கண் தூரத்தை நம்பும்.

அறிகுறி 7: வானத்தில் புள்ளி, பட்டை, முகட்டோரம் வெள்ளைக் கோடு

படத்துக்குப் படம் அதே இடத்தில் நிற்கும் சாம்பல் புள்ளி சென்சார் தூசி. எஃப் 16இல் வெறும் வானத்தை, ஃபோகஸ் விலக்கி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். டீஹேஸ் போட்ட பின் திடீரென்று புள்ளிகள் முளைப்பதும் இவைதான், முன்பே இருந்தவை கறுத்துத் தெரிகின்றன. கேமராவின் சொந்தத் துப்புரவு, பிறகு கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயர். வாயால் ஊதாதீர்கள், அழுத்திய காற்றுக் கேன் வேண்டவே வேண்டாம். ஒட்டிய புள்ளிக்கு ஈரத் துடைப்பு வேண்டும். பழக்கமில்லாவிட்டால் சர்வீஸ் கடையில் செய்வது நல்லது, கீறினால் சென்சாரின் விலை.

வானம் படிப்படியாகப் பட்டை விழுந்தால் ஜேபெக்கை அதிகம் இழுத்திருக்கிறீர்கள். ரா ஃபைலிலிருந்து 16 பிட்டில் மறுபடி செய்யுங்கள். முகட்டோரம் வெள்ளைக் கோடு வந்தால் டீஹேஸையும் கிளாரிட்டியையும் பாதியாகக் குறையுங்கள், மாஸ்க் விளிம்பை அகலமாக்குங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

ஃபங்கஸ், மையம் விலகல், ஃபோகஸ் மோட்டார், ஒட்டிய சென்சார் அழுக்கு, உள்ளே போன தண்ணீர் ஆகிய ஐந்துக்கு மட்டுமே ஆள் தேவை. தண்ணீர் போயிருந்தால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றி, அன்றே கொண்டுபோங்கள். மற்ற குறைகளுக்கு, செங்கல் சுவர்ப் படத்தையோ எஃப் 16 வானப் படத்தையோ வெட்டாமல் திருத்தாமல் கார்டில் வைத்து லென்ஸோடு கொடுங்கள். எந்த மூலை, எந்த அப்பர்ச்சர் என்று ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். படம் சரியில்லை என்று மட்டும் சொன்னால் முன்கண்ணாடியைத் துடைத்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். திரும்பி வந்ததும் கடையை விட்டு இறங்கும் முன் அதே சுவரையோ வானத்தையோ அதே அப்பர்ச்சரில் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.